பூங்கா, திடல், சந்தை: உள்ளூரில் முடிவெடுப்பது யார்?

தெருமுனைக் காலி இடத்தில் புதர் மண்டிக் கிடந்தால், "கவுன்சிலர் மனது வைத்தால் நாளைக்கே பூங்கா வந்துவிடும்" என்கிறோம். வாரச்சந்தையில் சுங்கம் கூடினால் "அரசாங்கம் ஏற்றிவிட்டது" என்கிறோம். சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் "கலெக்டர் முடிவு" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இந்த மூன்று பேச்சுமே பெரும்பாலும் உண்மைக்கு எட்டத்தில் இருப்பவை. அதனால் வரும் நஷ்டம் சாதாரணமானதல்ல. கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டு, காலம் கடந்த பின் மனுக் கொடுத்து, "யாரும் எதுவும் செய்வதில்லை" என்ற சலிப்போடு ஊர் ஊராக மக்கள் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். பொக்லைன் வந்து நின்ற பிறகு கூடுகிற கூட்டத்தில் பாதிப் பேர், ஆறு மாதம் முன்பு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தால் அந்த இயந்திரம் வந்தே இருக்காது.

தமிழ்நாட்டில் இந்த முடிவுகள் எப்படி உருவாகின்றன என்பதை முதல் படியிலிருந்து பார்க்கலாம்.

ஒரு குடியிருப்புச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

நாற்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளத்தில் கொஞ்சம் பொது இடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் வேண்டும் என்பது சிலர் கட்சி. இன்னும் பத்து கார் நிறுத்தலாமே என்பது மற்றவர்கள் கட்சி. சங்கச் செயலாளர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் தாமாக ஒரு முடிவை எடுத்துவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தில் அந்த இடம் எதற்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு பொதுக்குழுவில் வைத்துப் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊஞ்சல் வாங்கச் சேமிப்பு நிதியிலிருந்து ஒருமுறை பணம் எடுக்கலாம். ஆனால் அது துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் செலவு மாதச் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும்.

உள்ளாட்சியிலும் ஏறக்குறைய இதே வரிசைதான்: இடத்தின் வகை, மன்றத்தின் தீர்மானம், கட்டும் பணம், காக்கும் பணம். பொதுக்குழுவின் இடத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கிறது. மாநகராட்சியில் அது மாமன்றம், நகராட்சியில் நகர்மன்றம். மன்றம் முடிவு செய்ததை நிறைவேற்றுபவர் அரசு நியமிக்கும் அதிகாரி. மாநகராட்சியிலும் நகராட்சியிலும் அவர் ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர். கவுன்சிலர் மன்றத்தில் ஓர் உறுப்பினர். அவர் கேட்கலாம், வாதாடலாம், வாக்களிக்கலாம். உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

சங்கத்தோடு ஒப்பிடும்போது ஒரு பெரிய வேறுபாடு உண்டு. உள்ளாட்சியின் தலைக்கு மேல் மாநில அரசு இருக்கிறது. பல முடிவுகளுக்கு அதன் அனுமதி தேவை. சிலவற்றை அது ரத்தும் செய்யலாம்.

எந்த இடம் யாருடையது?

கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை, ஓர் ஊரின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்க அந்த ஊராரே தேர்ந்தெடுக்கும் நிர்வாகத்துக்கு உள்ளாட்சி அமைப்பு என்று பெயர். 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73, 74ஆவது திருத்தங்கள் இவற்றுக்கு உறுதியான அடித்தளம் போட்டன. ஊராட்சிகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கக்கூடிய 29 பொருள்கள் பதினோராம் அட்டவணையில் உள்ளன, சந்தைகளும் அவற்றில் ஒன்று. நகர அமைப்புகளுக்கான 18 பொருள்கள் பன்னிரண்டாம் அட்டவணையில் உள்ளன. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அங்கே வருகின்றன.

ஆனால் பூங்கா என்று பெயர் வைத்ததெல்லாம் உள்ளாட்சியின் பூங்கா ஆகிவிடாது. சென்னையில் நூற்றுக்கணக்கான தெருப் பூங்காக்கள் மாநகராட்சியின் கையில் இருக்க, செம்மொழிப் பூங்காவை நடத்துவது தோட்டக்கலைத் துறை. கோயம்பேடு மொத்த விற்பனைச் சந்தை 1996இல் திறக்கப்பட்டது முதல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தைச் சார்ந்த சந்தை நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருந்து வருகிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதலில் தொடங்கிய உழவர் சந்தைகள் வேளாண் விற்பனைத் துறையைச் சேர்ந்தவை. கிராமப்புறத்திலோ ஒரே ஒன்றியத்துக்குள் ஊராட்சிச் சந்தையும் இருக்கும், ஊராட்சி ஒன்றியச் சந்தையும் இருக்கும். ஆகவே கோரிக்கை எழுதும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?" என்பதுதான். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் எத்தனையோ மனுக்கள் மேசை மேசையாக அலைந்து திரும்பி வருகின்றன.

பூங்காவுக்கு நிலம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கட்டுரையில் மனத்தில் பதிய வேண்டிய பகுதி ஒன்றுதான் என்றால், இந்தப் பகுதியைச் சொல்வேன்.

நகரங்களில் பூங்காவுக்கென்று உள்ளாட்சி காசு கொடுத்து நிலம் வாங்குவது அரிது. நிலம் பெரும்பாலும் மனைப்பிரிவுகளிலிருந்து வருகிறது. ஒருவர் பெரிய நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கும்போது, பொதுமக்கள் பயன்பாட்டுக்காக ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டுவிட வேண்டும். இதுதான் திறந்தவெளி ஒதுக்கீடு. அலுவலகங்களில் இதை ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தை இப்படி ஒப்படைத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவும் கொடுக்கலாம், அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகவும் கட்டலாம்.

நிலத்தை ஒப்படைப்பது பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரம் வழியாக நடக்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். பத்திரம் பதிவாகிவிடும், வரைபடத்தில் 'பூங்கா' என்று எழுதியும் இருக்கும். ஆனால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். உள்ளாட்சி வேலி போடாது, பெயர்ப் பலகை வைக்காது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் போகும். மனை வாங்கியவர்கள் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போயிருப்பார்கள், பூங்கா நிலம் என்ற நினைவு தெருவிலிருந்தே அழிந்துபோகும். பிறகு ஒருநாள் அந்த இடத்தில் கடைக்கால் தோண்டுவார்கள். பிள்ளைகளுக்கென்று ஒரு தலைமுறை ஒதுக்கிவைத்த மண்ணை, வெறும் கவனக்குறைவால் அடுத்த தலைமுறை இழக்கிறது. இதைவிட வயிற்றெரிச்சலான இழப்பு உள்ளூர் நிர்வாகத்தில் குறைவு.

சட்டம் இந்த இடங்களுக்குத் துணை நிற்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 1991இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பையும் தந்தது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கியிருந்த இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள். அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. பூங்கா இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும், அதைக் கேட்க அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நிலம் மனைப்பிரிவிலிருந்து வருகிறது. தானப் பத்திரம் அதை உள்ளாட்சிக்குக் கொடுக்கிறது. பட்டா மாற்றமும் வேலியும் நடக்காதவரை அது பாதுகாப்பாக இல்லை.

தீர்மானம் என்ற தாள்

நிலம் இருக்கிறது. அடுத்து அங்கே என்ன வர வேண்டும் என்று மன்றம் முடிவு செய்ய வேண்டும். மன்றக் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டு, உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டு, எண்ணிட்டுப் பதிவு செய்யப்படும் முடிவுக்குத் தீர்மானம் என்று பெயர். கட்டணம் வைப்பது, குத்தகைக்கு விடுவது, தனியாரிடம் பராமரிப்பை ஒப்படைப்பது போன்ற கொள்கை முடிவுகள் இந்தத் தாளில்தான் பிறக்கின்றன. கூட்டத்துக்கு முன்பே அன்றைய பொருள்கள் அச்சிட்டு உறுப்பினர்களுக்குத் தரப்படும். அந்தப் பட்டியலில் நாற்பது, ஐம்பது பொருள்கள் அடுத்தடுத்து இருக்கும். தெருவிளக்கு வாங்குவதும் கழிவுநீர்க் கால்வாய் தூர்வாருவதும் ஒரு திடலின் தலையெழுத்தும் ஒரே மாதிரி வாசகத்தில் அதில் வரிசையாக நிற்கும். வாசிக்காமல் விட்டால் எது எப்போது நிறைவேறியது என்றே தெரியாது.

தீர்மானத்தின் வலிமையையும் அது மாறக்கூடியது என்பதையும் 2024 அக்டோபர் இறுதியில் சென்னை கண்டது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, விளையாட வருபவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. வட சென்னையில் கால்பந்து என்பது பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம். மாலை நேரத்தில் பத்துப் பேர் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆடினால் 2,400 ரூபாய் என்ற கணக்கை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் மாநகராட்சி அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. அந்த முடிவை எடுத்தது ஒரு மன்றம், அது பொதுப் பதிவில் இருந்தது, அதனால்தான் மறுநாளே ஊர் அதைப் பற்றிப் பேச முடிந்தது. இரண்டாவது, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே குரல் எழுந்தது. கையெழுத்தாகிவிட்டால் அதை முறிப்பது வழக்கு, இழப்பீடு என்று நீளும்.

கட்டும் பணமும் காக்கும் பணமும்

தீர்மானத்துக்குப் பின் பொறியாளர் செலவுக் கணக்குப் போடுவார். அதற்கு மதிப்பீடு என்று பெயர். அதற்கு அனுமதி கிடைத்ததும் ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள், அதாவது டெண்டர் விடுவார்கள். இந்தக் கட்டத்தில் விரிவாகத் தெரிந்துகொள்ளப் புதியவருக்கு அதிகம் இல்லை.

பணம் எங்கிருந்து என்பதுதான் முக்கியம். வீட்டுவரி போன்ற சொந்த வருவாய், நிதி ஆணைய மானியம், மாநில, மத்தியத் திட்டங்கள், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி எனப் பல வழிகளில் வரும். பூங்கா வாசலில் உள்ள கல்வெட்டைப் பாருங்கள், எந்த நிதியில் கட்டியது என்று எழுதியிருக்கும். ஆனால் அந்தக் கல்வெட்டில் எழுதாத ஒன்று உண்டு. இந்த நிதிகளில் பெரும்பாலானவை கட்டுவதற்கு மட்டுமே வருபவை. காவலாளி சம்பளம், தண்ணீர், மின்கட்டணம், உடைந்த ஊஞ்சல் சங்கிலி எல்லாம் உள்ளாட்சியின் சொந்த வருவாயில்தான் விழும்.

2016இல் கிராம ஊராட்சிகளில் 500 அம்மா பூங்காக்களும் 500 உடற்பயிற்சிக் கூடங்களும் அமைக்க அறிவிப்பு வந்தது. திட்டத்தின் நோக்கம் நல்லது. கிராமத்துப் பெண்களுக்கு நடைபாதை வேண்டும், இளைஞர்களுக்குப் பயிற்சிக் கூடம் வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் சிறிய ஊராட்சியின் வருமானத்தில் நிரந்தரக் காவலாளி ஒருவரை வைப்பதே கடினம். அவற்றில் பல பின்னாளில் பூட்டிக் கிடந்ததற்கும் புல் முளைத்துப் போனதற்கும் காரணத்தை இந்தக் கணக்கில்தான் தேட வேண்டும். எனவே புதிய பூங்கா கேட்டு மனு எழுதுவோர், "பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்கப்படும்?" என்ற வரியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

சந்தையில் ஏலம் போவது எது?

சந்தைக்கு வருவோம். அதிகாலை ஐந்தரை மணி. சாக்கை விரித்து, முருங்கைக்கீரைக் கட்டுகளையும் ஒரு கூடைக் கத்தரிக்காயையும் வைத்து ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். முதல் வியாபாரம் ஆகும் முன்பே தோளில் பையும் கையில் ரசீதுப் புத்தகமுமாக ஒருவர் வந்து நிற்கிறார். சில்லறையை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். சில இடங்களில் சீட்டில் அச்சிட்ட தொகை ஒன்று, வாங்கும் தொகை வேறு. சில இடங்களில் சீட்டே கிடையாது.

அவர் அரசு ஊழியர் அல்லர், குத்தகைதாரரின் ஆள். சந்தையில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி ஏலத்திலோ டெண்டரிலோ விடுகிறது. பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக் கணக்கில் இது நடக்கும். ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டிக் கட்டும் பிணைத்தொகைக்கு டேவணித்தொகை என்று பெயர். அதிகத் தொகை கேட்பவருக்கு உரிமை போகும். யாரும் முன்வராவிட்டால் உள்ளாட்சி தன் ஊழியர்களை வைத்தே வசூலிக்கும்.

பலரும் குழம்பும் இடம் இதுதான். ஏலத்தில் விற்கப்படுவது வசூலிக்கும் உரிமை மட்டுமே. கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்வது மன்றம். ஒரு தலைச்சுமைக்கு இவ்வளவு, ஒரு மாட்டு வண்டிக்கு இவ்வளவு, ஒரு ஆட்டுக்கு இவ்வளவு என்று தீர்மானத்தில் இருக்கும். "ஏலம் அதிகத்துக்குப் போய்விட்டது, அதனால் கட்டணமும் கூடிவிட்டது" என்று குத்தகைதாரர் சொன்னால் அது அவருடைய வியாபாரக் கணக்கு. அந்தச் சுமையை கீரைக்கட்டு விற்பவர் தலையில் ஏற்றச் சட்டத்தில் இடமில்லை. கட்டண விவரப் பலகை சந்தை வாசலில் இருக்க வேண்டும். அது இல்லாத சந்தையில்தான் தகராறுகள் மலிந்திருக்கும்.

சந்தை இடம் மாறும்போது

நெரிசலைக் காட்டி ஒரு பழைய சந்தையை ஊருக்கு வெளியே மாற்றுவது உள்ளூர் முடிவுகளிலேயே கடினமானது. திருச்சி காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நெரிசலைக் குறைக்க, மதுரை சாலையில் கள்ளிக்குடியில் ஒரு புதிய வணிக வளாகம் கட்டினார்கள். சுமார் 77 கோடி ரூபாய் செலவு, 830 கடைகள், 2017இல் திறப்பு. கட்டியது வேளாண் விற்பனைத் துறை. கடைகள் சிறியவை, தொலைவு அதிகம் என்று சொல்லிக் காந்தி மார்க்கெட் வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். வளாகம் ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு சந்தை என்பது கட்டடம் மட்டுமல்லவே. விடியற்காலை லாரி எங்கே நிற்கும், சுமை தூக்குபவர் எந்தப் பேருந்தில் வருவார், கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர் எந்தக் கடையில் இருப்பார் என்ற நூறு ஏற்பாடுகள் சேர்ந்ததுதான் சந்தை. வரைபடம் போடும் கட்டத்திலேயே வியாபாரிகளைக் கேட்டிருந்தால் கடையின் அளவாவது மாறியிருக்கும்.

தெருவோர வியாபாரிகள் விஷயத்தில் இந்தக் கேட்பு சட்டக் கட்டாயம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதில் உள்ளாட்சிக்குப் பரிந்துரை சொல்லும் குழு இது. ஆணையர் தலைமையில் இயங்கும் இதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதாக இருந்தாலும் 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கூடி வாங்கி விற்கும் இடங்களை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தள்ளுவண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது வேடிக்கை பார்க்கும் நமக்கு இவை தெரிந்திருக்க வேண்டும்.

சுருக்கமாக: கட்டணத்தை மன்றம் வைக்கிறது, குத்தகைதாரர் வசூலிக்கிறார், தெருவோரக் கடையை அகற்றுவதற்கு முன் சட்டம் சொல்லும் படிகள் இருக்கின்றன.

எப்போது, எங்கே போய்க் கேட்பது?

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து பேசலாம், பேசியதைத் தீர்மானமாகப் பதியக் கேட்கலாம். நகரங்களில் 2022 விதிகளுக்குப் பின் வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. கிராமசபை அளவுக்கு இவை இன்னும் மக்களிடம் பழகவில்லை. கூட்டம் நடப்பது தெரியாமலேயே பலர் இருக்கிறார்கள்.

நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், புதிய பணி வேண்டுமென்றால் ஆண்டு முடிவதற்கு முன்பே, டிசம்பர் வாக்கில் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். மனுவில் "எங்கள் பகுதிப் பூங்கா" என்று எழுதினால் போதாது. புல எண், மனைப்பிரிவு ஒப்புதல் எண், வார்டு எண் மூன்றும் வேண்டும்.

ஆவணம் தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: மன்றத் தீர்மானத்தின் நகல், மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரத்தின் நகல், சந்தை என்றால் குத்தகை நிபந்தனைகளும் கட்டண விவரமும். "அப்படி ஓர் ஆவணம் இங்கே இல்லை" என்று பதில் வந்தாலும் ஏமாற்றம் அடைய வேண்டாம். புல எண்ணை வைத்துப் பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் தேதியோடும் ஆவண எண்ணோடும் அதில் வந்துவிடும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஆணையருக்கு ஒரு மனு, பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி வட்டாட்சியருக்கு ஒரு மனு. வேலி போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.